வெறுங்கைப் பந்தி

இங்க பாருங்க எபனேசர் தம்பி, நீங்க மும்பைல இருந்து வந்து கோயில் அசன விருந்துக்கு ரெண்டு மூடை அரிசி எறக்கியிருக்கிய. சந்தோசம். ஆனா “எங்க குடும்பத்துக்கு முதப் பந்தியில எடம் வேணும்”னு கேக்கியளே, அது மட்டும் இந்தக் கோயில்ல நடக்காது. மொகத்தச் சுளிக்காதிய. இந்தப் பூசணிக்காய நான் அறுத்து முடிக்கதுக்குள்ள ஏன் நடக்காதுன்னு சொல்லிருதேன். ரோசாப்பூ, நீயும் கத்தரிக்காய நறுக்கிக்கிட்டே கேளு. நீ இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ, ஒனக்கும் அரைகொறையாத்தான் தெரியும்.

ரொம்ப காலத்துக்கு முந்தி. இந்த முள்ளன்விளைக் கோயிலுக்கு ஓடு போடாம ஓலை வேஞ்சிருந்த காலம். மணிக்குப் பதிலா தண்டவாளத் துண்டைக் கட்டி அடிச்ச காலம். அப்போ இந்த ஊர்ல அன்னப்பழம், அன்னப்பழம்னு ஒருத்தி இருந்தா. எங்க பூட்டி, பாட்டிக்கும் மூத்தவ. அவளுக்குப் புருசன் இல்ல, பனையில இருந்து விழுந்து செத்துட்டான். அருமைநாயகம்னு ஒரே மகன். அவன்தான் அவளுக்கு உசுரு.

அப்பதான் பஞ்சம் வந்துச்சு. எப்பேர்ப்பட்ட பஞ்சம்? பனை கூட பாளை விடலையாம். தேரிக்காட்டுச் செம்மணலு தீயாக் கொதிச்சிச்சாம். சனங்க எறும்பு வளையத் தோண்டி, எறும்பு சேத்து வச்ச புல்லரிசிய எடுத்துக் கஞ்சி வச்சாவளாம். எறும்புகிட்ட களவாண்டு தின்னாவன்னா பாத்துக்கிடுங்க. வடக்க இருந்து கூட்டங்கூட்டமா இந்த வழியாப் போவாவளாம், கடலோரமாவது போய்ச் சேருவோம்னு. போய்ச் சேந்தவிய பாதி, சேராதவிய பாதி.

அன்னப்பழம் கெட்டிக்காரி. பஞ்சம் வரும்னு தெரிஞ்சு ஒரு பானை அரிசிய அடுப்படியில குழி வெட்டிப் பொதச்சு வச்சிருந்தா. யாருக்கும் தெரியாது. ஊருக்கு முன்னால எறும்பு வளையத் தோண்டுவா, வீட்டுக்குள்ள போய் மகனுக்கு மட்டும் ரெண்டு சிறங்கை அரிசி போட்டுக் கஞ்சி காய்ச்சுவா. அவ வடிதண்ணியக் குடிச்சுக்கிடுவா. தப்பா? நீங்களே சொல்லுங்க. பெத்தவ வேற என்ன செய்வா?

ஒரு நாளு வெளக்கு வைக்கிற நேரம். வாசல்ல ஒரு குரல்.

“அம்மா, பிள்ளைக்கு ஒரு வாய் கஞ்சித் தண்ணி.”

அன்னப்பழம் எட்டிப் பாத்தா. ஒருத்தி நிக்கா. நிக்காளா, காத்துல ஆடுதாளான்னு தெரியல. இடுப்புல ஒரு பொட்டப்பிள்ள. அழக்கூட தெம்பில்லாத பிள்ள. இவ என்ன சொன்னா?

“ஒண்ணுமில்ல தாயி. அடுத்த வீடு பாரு.”

சொல்லிட்டுக் கதவ அடச்சா. நல்ல பனங்கதவு. குறுக்க ஒரு கட்டையும் போட்டா.

“அம்மா, எனக்கு வேண்டாம். பிள்ளைக்கு மட்டும்.”

இவ கட்டைய எடுக்கல.

“அம்மா, பிள்ளைய மட்டுமாவது உள்ள வாங்கிக்கிடு.”

அப்ப அன்னப்பழம் என்ன செஞ்சான்னா, தன் மகனோட ரெண்டு காதையும் கையால பொத்துனாளாம். அவன் காதப் பொத்துனா. அவ காத யாரு பொத்த?

விடிஞ்சுது. கட்டைய எடுத்துட்டுக் கதவத் தொறந்தா, தொறந்த வேகத்துல அவ மேலேயே வந்து விழுந்தாளாம் அந்தப் பொம்பள. கதவுல சாஞ்சபடியே செத்திருக்கா. அந்த ஒடம்பு மேல பிள்ள உசுரோட ஒட்டிக்கிட்டுக் கெடக்கு.

ஊரு கூடிச்சு. அப்போ இங்க இருந்த உபதேசியார் பேரு சுவாமியடியான். கோயில்ல செபம் நடத்துறதும் பிள்ளையளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்கதும் அவருதான். அவரு வந்தாரு. ஒரு வார்த்தை கேக்கல. பிள்ளையத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டாரு, செத்தவளுக்குக் குழி வெட்டச் சொன்னாரு, போயிட்டாரு. அவரும் பெண்டாட்டியுமா அந்தப் பிள்ளைய வளத்தாவ. செல்லக்கனின்னு பேரு வச்சாவ.

சரி, அந்தப் பானை அரிசி மகனைக் காப்பாத்திச்சான்னு கேப்பிய. அதத்தான் சொல்ல மனசு வரமாட்டேங்குது. பஞ்சத்து வாலப் பிடிச்சுக்கிட்டே பேதி வந்துச்சு. அருமைநாயகம் காலையில வயித்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தான், பொழுது சாயுமுன்ன முடிஞ்சுட்டான். பானையில பாதி அரிசி அப்படியே இருக்கு.

என்ன ரோசாப்பூ? மகன் செத்துட்டான்னா நான் எப்படி அவளுக்குப் பேத்தி வழின்னு கேக்கியா? பொறு. கத்தரிக்காய நறுக்கு.

மழை பெஞ்சுது. சனங்க தலை தூக்குனாவ. உசுரு மிஞ்சுனதுக்கு ஆண்டவருக்கு நன்றின்னு சொல்லி ஊரெல்லாம் சேந்து ஆக்கித் திங்கணும்னு உபதேசியார் சொன்னாரு. அதுதான் இந்தக் கோயிலோட முத அசனம். அவரு சொன்னது இவ்வளவுதான். “இருக்கவன் கொண்டாங்க, இல்லாதவன் வாங்க. ஆண்டவரு வீட்டுச் சோறு, யாரும் வெலைக்குத் திங்க வேண்டாம்.”

நல்ல வார்த்தை. ஆனா நம்ம ஆள்க இருக்காவளே, நல்லதுக்கும் ஒரு வேலி போடாம தூங்க மாட்டாவ. அப்போ பாக்கியநாதன் மூப்பர்னு ஒருத்தர். கோயிலுக்குப் பெரிய மனுசன். அவரு ஒரு மரக்காலத் தூக்கிக்கிட்டு வந்து வாசல்ல உக்காந்தாரு. அரிசிய அளந்து போடணும். கூட அளந்தவன் முதப் பந்தி. கொறச்சு அளந்தவன் அடுத்த பந்தி. ஒண்ணும் அளக்காதவன் கடைசிப் பந்தி, அவனுக்கு அண்டாவச் சொரண்டுன காந்தல். உபதேசியாருக்கு அது பிடிக்கல. ஆனா மூப்பர எதுத்துப் பேசவும் பயம். நல்லவருதான், பயந்த நல்லவரு. வருசா வருசம் அதுவே பழக்கமாயிட்டு.

அந்த முத அசனத்துக்கு அன்னப்பழம் வந்தா. மகன் தின்னது போக மிஞ்சுன அரிசி முழுக்கச் சொமந்துக்கிட்டு வந்தா. வேற யாரும் அவ்வளவு அளக்கல. மூப்பரே எழும்பிட்டாராம். “முதப் பந்தியில முத எடம் ஒனக்குத்தான் அன்னப்பழம். வா, உக்காரு.”

அவ உக்காரல. சேலைய இழுத்துச் சொருகிட்டு அண்டாப் பக்கம் போயிட்டா. வெறகு தள்ளுனா, வடிச்சா, பனையோலைப் பட்டை மடிச்சா, பரிமாறுனா, கழுவிக் கவுத்துனா. ஒரு பருக்கை வாயில வைக்கல. வீட்டுக்குப் போயிட்டா.

அடுத்த வருசமும் அப்படித்தான். அதுக்கடுத்த வருசமும் அப்படித்தான். கூலிக்குப் போயி அரிசி சேப்பா. கொண்டாந்து கொட்டுவா. வேல செய்வா. திங்க மாட்டா. கோயில்ல திருவிருந்து குடுப்பாவள்ளா, அப்பத்தையும் ரசத்தையும்? அதுக்கும் முன்னால போக மாட்டா. கடைசியில தூணுக்குப் பின்னால நிப்பா.

உபதேசியார் ஒவ்வொரு வருசமும் போய் நிப்பாராம்.

“அன்னப்பழம், வா. ஒரு வாய் தின்னு.”

“இன்னும் குடுத்து முடிக்கல ஐயா. முடிச்சபொறவு உக்காருதேன்.”

“எப்போ முடிப்ப?”

“ஒரு உசுருக்கு எவ்வளவு அரிசி ஐயா? நீங்க படிச்சவரு, சொல்லுங்க. அளந்து போட்டுருதேன்.”

அவரு சொல்லுவாராம், “மக்கா, அத ஒன்னால அளக்க முடியாதுன்னுதான ஒருத்தரு சிலுவையில தொங்குனாரு? அவரு முடிச்சுட்டாரு. அதுக்கு மேல நீ சட்டி கழுவி என்னத்தச் சேக்கப் போற?”

“அது நல்லவங்களுக்கு ஐயா.”

“நல்லவனுக்கு எதுக்குட்டி இரட்சிப்பு? சோறு பசிச்சவனுக்குத்தான?”

“சும்மா வாங்கித் திங்க எனக்கு மொகம் இல்ல ஐயா.”

அவ்வளவுதான். வருசா வருசம் அதே கேள்வி, அதே பதில். ஊருக்கும் இது வசதியாப் போச்சு. கஷ்டமான வேலையா? அன்னப்பழத்துக்கிட்ட விடு. அண்டாவுல அடிபிடிச்சிருக்கா? அன்னப்பழம் தேய்ப்பா. அவ பாவம் அவளுக்குப் பாரம், ஊருக்குச் சம்பளமில்லாத ஆளு. எனக்கு ஆத்திரமா வரும் இத நெனச்சா.

இதுக்குள்ள செல்லக்கனி வளந்துட்டா. அவளுக்குக் கதை தெரியாதா? சின்னப் பிள்ளையிலேயே எல்லாரும் விரல் நீட்டிக் காட்டிட்டாவ, “அந்தா போறாளே, அவதான் ஒங்கம்மையக் கொன்னவ”ன்னு. எதுக்க செல்லக்கனி வந்தா அன்னப்பழம் வேலிப் பக்கம் திரும்பி நின்னுக்கிடுவாளாம், அவ போற வரைக்கும். ரெண்டு பேரும் ஒரே ஊரு, ஒரே கோயிலு. ஒரு வார்த்தை பேசுனது கெடையாது. செல்லக்கனிக்கு மனசுல ஆத்திரம் இல்லாம இருக்குமா? இருந்துச்சு. இல்லன்னு சொன்னா பொய்.

காலம் போச்சு. அன்னப்பழத்துக்கு ரெண்டு கண்ணும் பூ விழுந்து மறஞ்சுட்டு. கை விரல் முடங்கிப் போச்சு. கூலிக்கு யாரு கூப்பிடுவா? வீட்டுல ஒரு மணி அரிசி இல்ல. அசனம் வந்துட்டு.

அவ என்ன செஞ்சா தெரியுமா? கம்ப ஊனிக்கிட்டு, தடவித் தடவிப் பொட்டக்காட்டுக்குப் போனா. பஞ்சத்துல தோண்டுன மாதிரி எறும்பு வளையத் தோண்டுனா. எறும்பு கையெல்லாம் புடுங்கிருக்கு. மண்ணும் புல்லரிசியுமா ஒரு பிடி சேந்துச்சு. அத முந்தானையில முடிஞ்சுக்கிட்டு அசனத்தன்னைக்கி வாசலுக்கு வந்தா.

மூப்பரும் கெழவராயிட்டாரு, ஆனா மரக்கால விடல. அவ முடிச்ச அவுத்து மரக்காலுக்குள்ள கொட்டுனா. மரக்காலு அடி கூட மறையல.

மூப்பர் எட்டிப் பாத்துட்டுச் சொன்னாரு, “என்ன அன்னப்பழம், இது மண்ணா அரிசியா?”

சுத்தி நின்னவிய சிரிச்சாவ. கொடுமைக்குச் சிரிக்கல, சும்மாதான் சிரிச்சாவ. அன்னப்பழம் கையத் தொடச்சுக்கிட்டா, திரும்புனா, போயிட்டா. அண்டாப் பக்கம் கூட போகல. குடுக்கவும் இல்ல, ஒழைக்கவும் தெம்பில்ல. இனி எந்த மொகத்தோட அங்கன நிக்கதுன்னு நெனச்சிருப்பா போல.

செல்லக்கனி பரிமாறிக்கிட்டு நின்னா. அதப் பாத்துட்டா. கையில இருந்த கரண்டியக் கீழ போட்டா. ஒரு பட்டை நெறயச் சோத்தப் போட்டு, கறிய ஊத்திக்கிட்டு வெளிய நடந்தா. “எங்கட்டி போற? முதப் பந்தி இன்னும் முடியல”ன்னு மூப்பர் கத்துறாரு. அவ திரும்பிப் பாக்கல. பாசத்துல போனான்னு நெனக்காதிய. கோவத்துல போனா. யாரு மேல கோவம்னு அவளுக்கே தெரியாது.

அதே வீடு. அதே பனங்கதவு. உள்ள கட்ட போட்டிருக்கு.

“கதவத் தொற.”

“யாரு?”

“செல்லக்கனி.”

செல்லக்கனி கதவத் தட்டுனா.

“சோறு கொண்டாந்திருக்கேன். தொற.”

“வேண்டாம் தாயி. நான் ஒண்ணும் அளக்கல.”

“நான் அளக்கச் சொன்னனா?”

“போயிரு தாயி. ஒங்கையால வாங்க எனக்கு யோக்கியதை இல்ல.”

அப்பதான் செல்லக்கனிக்கு அழுக வந்துச்சாம். கதவுல தலைய முட்டிக்கிட்டுச் சொன்னாளாம்:

“அன்னைக்கு எங்கம்மை வாங்குததுக்கு இந்த வாசல்ல நின்னா. இன்னைக்கு நான் குடுக்கதுக்கு நிக்கேன். ரெண்டு தடவையும் நீதான் அடச்சுக்கிட்டு உள்ள இருக்க.”

மூக்கச் சிந்திக்கிட்டு மறுபடியும் சொன்னா:

“நான் மட்டும் என்னத்த அளந்தேன்? உபதேசியார் என்னத் தூக்கும்போது ஏங்கிட்ட என்ன இருந்துச்சு? அழக்கூட தெம்பில்ல. தூக்குனாரு, போட்டாரு, தின்னேன். இன்னைக்கு வரைக்கும் சும்மாத்தான் திங்கேன். நீ மட்டும் என்ன பெரிய இவளா, வெல குடுத்துத் திங்க?”

உள்ள இருந்து ஒரு சின்னக் குரல். “கையில ஒண்ணுமே இல்லியே மக்கா.”

“அந்த வெறுங்கையத்தான் காட்டச் சொல்லுதேன். காட்டு.”

கட்டைய எடுக்க சத்தம் கேட்டுச்சு. கதவு தொறந்துச்சு. முழுசா இல்ல, ஒரு கை நொழையுற அளவு. அந்த இடுக்குல ஒரு கை வெளிய வந்துச்சு. முடங்குன கை. எறும்பு கடிச்சுச் செவந்து வீங்குன கை. அது முன்னால நீண்டு, மெல்ல விரிஞ்சுச்சாம். செல்லக்கனி அதுல ஒரு பிடி சோத்த வச்சா. கை உள்ள போச்சு.

செல்லக்கனி வாசல்ல உக்காந்தா. அவ அம்மை சாஞ்சு செத்த அதே எடம். அடுத்த பிடிக்குக் கை வரும்னு பட்டைய மடியில வச்சுக்கிட்டு இருந்தா. வரல. “இன்னும் தரட்டா?”ன்னா. சத்தமில்ல. “தரட்டா அம்மை?”ன்னா. சத்தமில்ல. கதவத் தள்ளுனா. தள்ள முடியல. இடுக்குல தலைய விட்டுப் பாத்தா, உள்ள அன்னப்பழம் கதவுல சாஞ்சு கெடக்கா.

செத்துட்டா.

எனக்கு இன்னும் ஆறமாட்டேங்குது. இன்னுங் கொஞ்சம் முன்னால தொறந்திருக்கக் கூடாதா பாவி? முத அசனத்துலயே உக்காந்திருக்கலாம். எத்தன வருசச் சோறு! எல்லாம் அவளுக்குன்னு ஆக்குனதுதான். பசியோடயே பரிமாறிக்கிட்டு நின்னாளே.

அடக்கத்தன்னைக்கி ஊரே வந்துச்சு. குழிக்குப் பக்கத்துல உபதேசியார் கேட்டாரு, “சொந்தத்துல மண்ணு போட யாரு இருக்கா?” ஒருத்தருமில்ல. செல்லக்கனி முன்னால வந்தா. “எங்கம்மைக்கு நான் போடுதேன்”னா. மண்ணள்ளிப் போட்டா. அந்தச் செல்லக்கனியோட வயித்து வழிதான் நாங்க. இப்ப தெரிஞ்சுதா ரோசாப்பூ? செத்துக் கெடந்தாளே வழிப்போக்கி, அவ பேரு எங்களுக்குத் தெரியாது. அவளையும் நெனப்போம். ஆனா வீட்டுல பூட்டின்னு பேரு சொல்லுதது அன்னப்பழத்தத்தான். செல்லக்கனி அப்படித்தான் சொல்லிக் குடுத்துட்டுப் போனா.

அடக்கம் முடிஞ்சு வந்த மூப்பர் நேரா கோயிலுக்குப் போனாரு. மரக்காலக் கவுத்து வச்சு, வெறகு பொளக்க கோடாலியத் திருப்பி ஒரே அடி. அடிப்பலக தெறிச்சு விழுந்துச்சாம். பொறவு தரையில உக்காந்து பிள்ள மாதிரி அழுதாராம். அந்தா, அசனக் கொட்டகையில மேல விட்டத்துல தொங்குது பாருங்க, அடியில்லாத மரக்காலு. அதுதான். போன வருசம் நம்ம சேகரத்துக் குருவானவர் ஐயா வந்து “இத ஏன் இன்னும் வச்சிருக்கிய, தூரப் போடுங்க”ன்னாரு. கதையச் சொன்னோம். கும்பிட்டுட்டுப் போயிட்டாரு.

அதுல இருந்துதான் தம்பி இந்த ஊர்ல முதப் பந்தி வெறுங்கைப் பந்தி. ஒண்ணுமே குடுக்காதவன், குடுக்க முடியாதவன், வழியில போறவன், ஊருக்குக் கெட்டவன், அவிய உக்காந்த பொறவுதான் மத்தவிய. கொட்டகைக்குக் கதவு கெடையாது. முதப் பிடி சோத்த எலையில போட மாட்டோம். எந்தப் பந்தியில உக்காந்தாலும், ஆபீசரா இருந்தாலும் அண்டா தேய்க்கவனா இருந்தாலும், ரெண்டு கையயும் விரிச்சு நீட்டணும். கையிலதான் போடுவோம். மோதிரக் கையும் நீட்டணும், மூடை எறக்குன கையும் நீட்டணும்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அன்னப்பழம் அந்தச் சோத்தத் தின்னாளா, இல்ல தின்னுமுன்னயே உசுரு போச்சா? இதுக்கு இந்த ஊர்ல இன்னைக்கும் சண்டை. ஒதட்டுல பருக்கை இருந்துச்சுன்னு சிலவிய சொல்லுவாவ. இல்ல, சோறு அப்படியே கையில இருந்துச்சுன்னு சிலவிய சொல்லுவாவ. கதவுக்கு உள்ள முதல்ல பாத்தவ செல்லக்கனி ஒருத்திதான். அவ கெழவியாகிச் சாகுத வரைக்கும் கேட்டாவளாம், “சொல்லு, தின்னாளா, தின்னாளா?”ன்னு.

அவ ஒரே பதில்தான் சொல்லுவாளாம்.

“கை நீட்டுனா. நான் பாத்தேன். வேற என்னத்தக் கேக்கிய?”